மானியமும் வாரக்குடியும்

மானியம் என்பது நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். கோயிலுக்கும் மடத்துக்கும், ஊர்க்கணக்கருக்கும் தலையாரிக்கும் வரியின்றி விடப்பட்ட நிலத்தை நம் முன்னோர் மானியம் என்றனர். ஊருக்கு ஒரு பணி செய்தவர், அப்பணிக்கென ஒதுக்கிய நிலத்தின் பலனை அனுபவித்தார். இன்று அதே சொல்லை, அரசாங்கம் தன் கருவூலத்திலிருந்து கொடுக்கும் உதவித் தொகைக்கு வழங்குகிறோம். நிலம் பணமாயிற்று; ஊர்ச்சபை தீர்மானித்ததைத் தலைநகரம் தீர்மானிக்கலாயிற்று. ஆயினும் ஒரு கேள்வி மட்டும் மாறாமல் நிற்கிறது. உழவுக்கென்று கொடுக்கும் பணம் யார் கையில் போய்ச் சேரவேண்டும்? நிலம் எவர் பெயரில் இருக்கிறதோ அவர் கையிலா, நிலத்தில் எவர் பாடுபடுகிறாரோ அவர் கையிலா?

இக்கேள்விக்கு ஒரு பெரிய நாடு எவ்வாறு விடை தேடிற்று, அந்த விடையினால் யார் வாழ்ந்தார், யார் ஊரைவிட்டுப் போனார் என்பதை இன்று நேயர்களுடன் சேர்ந்து காண விரும்புகிறோம். நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். இடம் ஆர்க்கன்சா மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள பாயின்செட் கவுண்டி. கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்ற ஓர் உட்பிரிவு. ஆனால் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. காலம் 1933-ஆம் ஆண்டும் அதையடுத்த சில ஆண்டுகளும்.

முதலில் அந்தப் பூமியின் இயல்பைச் சொல்லவேண்டும். மிசிசிப்பி ஆற்றின் மேற்கே விரியும் தாழ்ந்த சமவெளி அது. ஒரு காலத்தில் சதுப்பும் காடுமாகக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தை வெட்டி, வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, அதைப் பருத்தி நிலமாக்கினர். நிலம் பெரும் பண்ணைகளாகச் சிலர் கையில் இருந்தது. உழைப்பவர்களோ வாரக்குடிகள். அவர்களில் வெள்ளையரும் உண்டு, நீக்ரோக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு இன மக்களும் உண்டு. பண்ணைக்காரர் நிலமும், குடியிருக்க ஒரு மர வீடும், கோவேறு கழுதையும், கலப்பையும், விதையும் கொடுப்பார். வாரக்குடி தன் உழைப்பையும் தன் மனைவி மக்களின் உழைப்பையும் கொடுப்பான். விளைந்த பருத்தியில் பாதி அவனுக்கு. அறுவடை வரையில் சாப்பாட்டுக்கு வேண்டிய மாவும் பன்றிக் கொழுப்பும் பண்ணைக் கடையில் கடனாகக் கிடைக்கும். ஆண்டு இறுதியில் கணக்குப் பார்க்கும்போது, கடனும் வட்டியும் கழித்து மிஞ்சுவது அநேகமாக ஒன்றுமிராது. கணக்குப் புத்தகம் பண்ணைக்காரரிடம் இருந்தது. நம் நாட்டு மிராசுப் பண்ணைகளை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

இந்நிலையில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1919-இல் ஒரு பவுண்டு பருத்தி 35 சென்ட் விலைக்குப் போயிற்று. 1932-இல் அதன் விலை ஏறத்தாழ 6½ சென்ட். நடுவே, 1927-இல் மிசிசிப்பியின் பெருவெள்ளமும், 1930-இல் கடும் வறட்சியும் ஆர்க்கன்சாவை வாட்டியிருந்தன. பண்ணைக்காரர் வங்கிக் கடனில் மூழ்கினார்; வாரக்குடியோ பசியில் மூழ்கினான்.

1933-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். மே மாதம் 12-ஆம் தேதி விவசாயச் சீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் கருத்து எளிமையானது. சந்தையில் பொருள் மலிந்து கிடப்பதால் விலை வீழ்ந்தது. ஆகவே, விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். குறைக்கச் சம்மதிக்கும் விவசாயிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். அந்தப் பணத்துக்குரிய வரியை, பருத்தியை நூலாக்கும் ஆலைகளிடமும் கோதுமையை மாவாக்கும் ஆலைகளிடமும் வசூலிக்கும். 1909 முதல் 1914 வரையில் விவசாயியின் விளைபொருளுக்கு இருந்த வாங்கும் சக்தியை மீண்டும் அவருக்கு அளிப்பதே குறிக்கோள் என்று சட்டம் கூறிற்று. ஆனால் விவசாயி என்பவர் யார் என்ற வினாவைச் சட்டம் நெருங்கிப் பார்க்கவில்லை.

சட்டம் வந்தபோது பருத்தி முன்பே விதைக்கப்பட்டு முளைத்திருந்தது. ஆகவே, நின்ற பயிரை உழுது அழிப்பது என்று முடிவாயிற்று. அந்தக் கோடையில் ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட பருத்தி மண்ணோடு மண்ணாக மடக்கி உழப்பட்டது. பயிரை மிதிக்காமல் வரிசைக்கு நடுவே நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் பயிரின்மேல் நடக்க மறுத்தன என்று ஒரு கதை அந்நாட்டில் வழங்கிற்று. மிருகங்களுக்கும் புரியாத காரியத்தை மனிதர் செய்யலாயினர் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆயினும் ஏக்கருக்கு 7 முதல் 20 டாலர் வரை ரொக்கம் என்றபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

இவ்வளவு ஒப்பந்தங்களைச் சில வாரங்களில் யார் எழுதி வாங்கினார்? இங்கேதான் கவுண்டியின் முக்கியத்துவம் வருகிறது. ஒவ்வொரு கவுண்டியிலும் விவசாய ஆலோசனை கூறும் அலுவலர் ஒருவர் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முன்பே இருந்தார். அவர் தலைமையில் உள்ளூர் விவசாயிகள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. யாருக்கு எவ்வளவு ஏக்கர், முன்பு சராசரி விளைச்சல் எவ்வளவு, பணம் எவ்வளவு என்பதை இந்தக் குழு மதிப்பிட்டது. தலைநகரிலிருந்து ஆணை பிறப்பித்துக் கிராமத்தை ஆளாமல், ஊராரே ஊர்க் காரியத்தைப் பார்க்கட்டும் என்ற கொள்கை இதில் இருந்தது. கொள்கை உயர்ந்ததே. ஆனால் தென்மாநிலக் கவுண்டியில் ஊரார் என்றால் எவர்? குழுவில் அமர்ந்தவர் பெரும்பாலும் பண்ணைக்காரர். வாக்குரிமைக்குத் தலைவரி கட்டவேண்டிய அந்நாட்டுப் பகுதியில், எழுத்தறியாத வாரக்குடிக்கும், கறுப்பு இன விவசாயிக்கும் அந்த மேசையில் நாற்காலி இல்லை.

1934-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பணத்தின் பங்கீடு எழுத்தில் வந்தது. பயிரிடாமல் விட்ட நிலத்துக்குக் குத்தகைத் தொகையாக, வழக்கமான விளைச்சலில் பவுண்டுக்கு 3½ சென்ட். சமநிலைத் தொகை என்ற பெயரில் மேலும் 1 சென்ட். குத்தகைத் தொகை நிலத்துக்குரியதாகையால் நிலக்காரரைச் சேரும். சமநிலைத் தொகையை மட்டும், விளைச்சலைப் பங்கிடுவதுபோல் பங்கிடவேண்டும். ஆக, 4½ சென்டில் பண்ணைக்காரருக்கு 4 சென்ட். பாதிவாரத்துக்கு உழும் குடிக்கு ½ சென்ட். விளைச்சலில் பாதிக்கு உரிமையுள்ளவனுக்கு, விளையாததற்குக் கொடுக்கும் பணத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அதுவும் அநேக இடங்களில் பண்ணைக்காரர் கைவழியாகவே வந்தது. பழைய கடனில் கழிந்துபோயிற்று.

இவ்வாறு எழுதியவர்கள் யாவரும் கொடியவர் என்று நாம் எண்ணவேண்டியதில்லை. பண்ணைக்காரர்கள் கையெழுத்திட்டாலன்றித் திட்டம் நடவாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்துக்கு ஆதாரமும் இருந்தது. ஆனால் திட்டத்தை நடத்தியவர்களிடையே அமர்ந்திருந்தவர் எவர் என்பதையும் நோக்கவேண்டும். அந்த நிர்வாகத்தின் நிதிப் பொறுப்பாளராக 1933-இல் இருந்த ஆஸ்கர் ஜான்ஸ்டன், மிசிசிப்பி மாநிலத்தில் மிகப் பெரிய பருத்திப் பண்ணை ஒன்றின் தலைவர். அந்தப் பண்ணையின் உரிமையோ இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நூற்பாலைக்காரர்களிடம் இருந்தது.

ஒப்பந்தத்தில் வாரக்குடியைக் காக்க ஒரு பிரிவு இருந்தது. ஏழாம் பிரிவு என்பது அதன் பெயர். நிலக்காரர், இயன்ற வரையில், தம் நிலத்தில் வழக்கமாக இருந்த அளவு குடிகளை வைத்துக்கொள்ளவேண்டும். அவர்களை வீட்டில் இலவசமாகக் குடியிருக்க விடவேண்டும் என்று அது கூறிற்று. நேயர்களே, அரசாங்கப் பத்திரங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள நமக்கு ‘இயன்ற வரையில்’ என்ற தொடர் மிகவும் பழக்கமானது. ஒரு வாக்கியத்தின் முன்பாதியில் கொடுத்த உரிமையை அது பின்பாதியில் ஓசையின்றித் திரும்பப் பெற்றுக்கொள்ளும். நிலத்தில் ஒரு பகுதி தரிசாக விடப்பட்டபோது, அதற்குரிய குடிகளும் வேண்டாதவராயினர். குடியை அனுப்பிவிட்டுக் கூலியாள் வைத்துக்கொண்டால், பங்கிடவேண்டிய அந்த ½ சென்டும் மிச்சம்.

பாயின்செட் கவுண்டியில் டைரான்சா என்றொரு சிற்றூர். 1934-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் அருகிலிருந்த பண்ணை ஒன்றில் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்த ஆண்டு ஜூலை மாதத்தில், அவ்வூர்ப் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் 18 பேர் கூடினர். 11 பேர் வெள்ளையர். 7 பேர் கறுப்பு இனத்தவர். இரு சாராரும் தனித்தனிச் சங்கம் வைப்பதா, ஒன்றாகவே வைப்பதா என்பது முதல் கேள்வி. இரு சாராரும் ஒரே பந்தியில் அமர்வதையே சமூகம் பொறுக்காத ஊர் அது. 1919-இல் அதே மாநிலத்தின் எலேன் என்ற ஊர்ப்பக்கம், கறுப்பு இன வாரக்குடிகள் சங்கம் அமைத்தபோது பெரும் படுகொலை நடந்திருந்தது. அதை அறிந்த முதியவர் ஒருவர் அக்கூட்டத்தில் எழுந்து, பிரிந்து நின்றால் மறுபடியும் அடிபடுவோம் என்று எடுத்துரைத்ததாக வரலாறு கூறுகிறது. ஒரே சங்கம் என்று முடிவாயிற்று. தென்னாட்டுக் குடியானவர் சங்கம் என்று அதை நாம் தமிழில் கூறலாம். அதை முன்னின்று நடத்திய எச். எல். மிட்செல் துணி வெளுக்கும் கடைக்காரர்; கிளே ஈஸ்ட் பெட்ரோல் நிலையம் வைத்திருந்தவர்.

சங்கம் முதலில் சட்டத்தை நாடிற்று. வெளியேற்றம் ஏழாம் பிரிவுக்கு விரோதம் என்று வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தம் அரசாங்கத்துக்கும் நிலக்காரருக்கும் இடையில் ஆனது, வாரக்குடி அதில் தரப்பினர் அல்லர் என்ற நிலையில் வழக்கு நிற்கவில்லை. தலைநகருக்கு முறையீடு சென்றது. முறையீட்டை விசாரிக்கும் பொறுப்பு, முறைப்படி, அந்தக் கவுண்டிக் குழுவுக்கே திரும்பி வந்தது. 1935 ஜனவரியில் மேரி கானர் மையர்ஸ் என்னும் வழக்கறிஞரை நிர்வாகம் ஆர்க்கன்சாவுக்கு அனுப்பி விசாரித்தது. அவர் அளித்த அறிக்கையை அரசாங்கம் வெளியிடவில்லை.

இதற்கிடையில் வாஷிங்டனில், நிர்வாகத்தின் சட்டப் பிரிவிலிருந்தவர்கள் ஏழாம் பிரிவுக்குப் புதிய விளக்கம் எழுதினர். குடிகளின் எண்ணிக்கையை மட்டுமன்று, அதே குடிகளையே வைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவர்கள் விளக்கம். எண்ணிக்கை என்றால் சங்கத்தில் சேர்ந்தவனை அனுப்பிவிட்டு வேறொருவனைக் கொண்டுவரலாம்; அதே குடி என்றால் முடியாது. பண்ணைக்காரர் கொதித்தனர். தென்மாநில உறுப்பினர்களின் ஆதரவின்றிச் சட்டமன்றத்தில் எதுவும் நடவாத காலம் அது. 1935 பிப்ரவரியில் நிர்வாகத் தலைவர் செஸ்டர் டேவிஸ், விவசாய மந்திரி ஹென்றி வாலஸின் சம்மதத்துடன், சட்டப் பிரிவுத் தலைவர் ஜெரோம் பிராங்கையும் அவரைச் சேர்ந்த சிலரையும் வேலையிலிருந்து நீக்கினார். விளக்கம் ரத்தாயிற்று.

அவ்வாண்டு வசந்த காலத்தில் கிழக்கு ஆர்க்கன்சாவில் சங்கக் கூட்டங்கள் கலைக்கப்பட்டன, அங்கத்தினர் தாக்கப்பட்டனர். தலைவர்கள் ஆற்றைக் கடந்து மெம்பிஸ் நகரிலிருந்து சங்கத்தை நடத்தினர். இலையுதிர் காலத்தில் பருத்தி எடுக்கும் கூலியை 100 பவுண்டுக்கு 1 டாலராக உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கேட்டது முழுவதும் கிட்டவில்லை. ஆயினும் பல இடங்களில் கூலி 75 சென்ட் ஆயிற்று.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. ஆனால் காரணம் வாரக்குடி அல்ல; வரி விதிப்பிலும் மாநில உரிமையிலும் எழுந்த விவாதம். உடனே மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் வேறொரு சட்டம் வந்தது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் சற்று நீதியாகப் பங்கிட்டது; விளைச்சலில் யாருக்கு என்ன பங்கோ, மானியத்திலும் அதே பங்கு என்ற நெறி வந்தது. இனி வாரக்குடியின் துன்பம் தீர்ந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் குடியின் பங்கு பெருகப் பெருக, குடியே இல்லாமல் செய்வதில் நிலக்காரருக்கு லாபமும் பெருகிற்று. 1939 ஜனவரியில் மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், வெளியேற்றப்பட்ட வாரக்குடிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், படுக்கையும் அடுப்பும் கோழியுமாக நெடுஞ்சாலை ஓரத்தில் கடுங்குளிரில் வந்து அமர்ந்தனர். நாடு முழுவதும் அந்தக் காட்சியைப் பத்திரிகைகளில் பார்த்தது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு புறம், பருத்தி விலை 1934-இல் ஏறத்தாழ 12 சென்டை எட்டியது. கடனில் மூழ்கியிருந்த எத்தனையோ பண்ணைகள் தப்பிப் பிழைத்தன. திட்டம் விலையை உயர்த்தத் தவறிற்று என்று ஒருவரும் சொல்லமுடியாது. மறுபுறம், தென்மாநிலங்களில் 1930-இல் 7,76,000 வாரக்குடிகள் இருந்தனர். 1940-இல் 5,41,000 பேரே எஞ்சினர். மானியப் பணத்தைக் கொண்டு டிராக்டர் வாங்கிய பண்ணைகள் உண்டு. போனவர்கள் மெம்பிஸுக்கும் சிகாகோவுக்கும் கலிபோர்னியாவுக்கும் சென்றனர். மானியம் மட்டுமே அவர்களை விரட்டிற்று என்று கூறுவது மிகை. மந்தமும் இயந்திரமும் சேர்ந்தே விரட்டின. ஆனால் காக்கவேண்டிய கை தள்ளும் கையாகவும் இருந்தது என்பதில் ஐயமில்லை.

குழுவில் இடமில்லாதவரின் குறை அந்தத் தலைமுறையோடு முடியவுமில்லை. கடனிலும் உதவியிலும் இன வேற்றுமை காட்டப்பட்டதாகக் கறுப்பு இன விவசாயிகள் 1997-இல் விவசாய இலாகாவின்மீது வழக்குத் தொடுத்தனர். 1999-இல் சமரசம் ஏற்பட்டது. அதன் வழியே நூறு கோடி டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2018-இல் தெலங்கானா மாநிலம், பருவத்துக்கு ஏக்கருக்கு ரூ. 4,000 வீதம் நில உரிமையாளருக்குக் காசோலை கொடுத்தது. குத்தகைதாரர் அதில் சேரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஒடிசா அறிவித்த திட்டம், வாரக்குடிகளையும் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு ரூ. 6,000, மூன்று தவணைகளில், விவசாயியின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்லுமாறு அது அமைந்தது. பாயின்செட் கவுண்டியில் பணம் பெரியவர் கைவழியே வந்து கரைந்ததுபோல் இங்கே கரையாது. இது பெரிய முன்னேற்றம். வருமான வரி செலுத்துவோரையும், பெரும்பாலான அரசு ஊழியரையும் திட்டம் விலக்கியது, அதுவும் நியாயமே. ஆனால் தகுதிக்கு அளவுகோல், 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நில ஆவணத்தில் உள்ள பெயர். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவரின் பெயர் அந்த ஆவணத்தில் இல்லை.

ஆவணத்தைப் பார்த்துக் கொடுப்பது எளிது. கலப்பையைப் பார்த்துக் கொடுப்பது கடினம். இந்த இடர்ப்பாட்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தீர்க்கத் தமிழகம் முன்பே சில படிகள் ஏறியிருக்கிறது. 1952-இல் தஞ்சை ஜில்லாவின் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்பளிக்கும் அவசரச் சட்டம் வந்தது. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் எழுதிவைக்க ஒரு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பட்டா உடையவர் பெயரைச் சொல்லும். அடங்கல் நிலத்தில் நிற்கும் பயிரைச் சொல்லும். உழுபவர் பெயரைச் சொல்வதற்கே அந்த மூன்றாவது ஏடு. சட்டப்புத்தகத்தில் இருக்கும் அந்த ஏட்டில் ஒவ்வொரு குத்தகையும் ஏறினால்தான், பணம் அனுப்பும் அரசாங்கத்துக்கு அவர் கண்ணில் படுவார்.

இது தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவருக்கு நேராகத் தொடர்புள்ள செய்தி. நம்மில் பலருடைய பூர்வீக நிலம் ஊரில் இருக்கிறது. பட்டா நம் தந்தையார் பெயரிலோ சகோதரர் பெயரிலோ இருக்கிறது. நிலத்தை உழுபவர் வேறொருவர். வாரமோ குத்தகையோ வாய்ப்பேச்சில் நடக்கிறது. எழுத்தில் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் நமக்கு உண்டு. கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்ற அச்சம் அவருக்கு உண்டு. இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில்தான் பயிரின் நஷ்ட ஈடும் உதவித் தொகையும் திசை மாறுகின்றன. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் வாரக்குடியும் சேர இடமுண்டு. ஆனால் அதற்கும், தாம் அந்த நிலத்தில் சாகுபடி செய்கிறோம் என்பதற்கு அவர் சான்று காட்டவேண்டும். அந்தச் சான்றுக்கு நாம் தடை சொல்லாதிருப்பது நமக்கு ஒரு நஷ்டமும் தராது. புயலிலோ வெள்ளத்திலோ பயிர் போன ஆண்டில் அவர் குடும்பம் ஊரில் தங்குவதா, பஞ்சம் பிழைக்க வெளியூர் ரயில் ஏறுவதா என்பது அந்த ஒரு தாளைப் பொறுத்திருக்கலாம்.

1934-இல் டைரான்சாவில் கூடிய 18 பேரும் புதிய மானியம் கேட்கவில்லை. கொடுக்கப்படும் மானியத்தின் கணக்கில் தம் பெயரும் எழுதப்படவேண்டும் என்றே கேட்டனர். அந்த வேண்டுகோளுக்கு அந்நாடு விடை எழுதி முடிக்குமுன் அவர்களில் அநேகர் நிலத்தைவிட்டுப் போயிருந்தனர். நம் ஊர்களில் உழுபவர் இன்னும் நிலத்தில் இருக்கிறார். அவர் பெயரை எழுதுவதற்கு நமக்குக் காலம் இருக்கிறது.